கடைமடைக்கு எட்டாத நிதி: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 39 பேருக்கும், மாநிலங்களவையில் இம்மாநிலத்தின் சார்பில் அமர்ந்திருக்கும் 18 பேருக்கும், கட்சி வேறுபாடு கருதாமல் இம்மடலை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ.) ஏழாம் பிரிவை 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மாற்றியது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெற்ற ஓர் அமைப்பு, தான் பெறும் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து ஒரு ரூபாயைக்கூட வேறு எந்த அமைப்புக்கும் பகிர்ந்து தரக்கூடாது என்பதே அந்த மாற்றம். பெரிய தொண்டு நிறுவனங்கள் இதை ஒருவாறு சமாளித்துக்கொண்டன. சொந்த அலுவலகமோ கணக்கரோ இல்லாத சிறு சங்கங்களும், மாலைநேரப் பள்ளிகளும், கொத்தடிமைகளை மீட்கும் கிராமத்துக் குழுக்களும் சமாளிக்க முடியாமல் நின்றுபோயின. அந்தப் பிரிவைத் திருத்த நீங்கள் முன்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டு நிதி என்றவுடன் கோடிகளில் புழங்கும் பன்னாட்டு அறக்கட்டளைகளே நினைவுக்கு வருகின்றன. அவற்றின் பெயர்களே செய்தித்தாள்களில் அடிபடுவதால் இது இயல்புதான். நான் பேச வந்திருக்கும் நிதிக்கு அத்தகைய முகம் கிடையாது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு அமைப்புகள் தோன்றின. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சந்தீப் பாண்டேயும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ‘ஆஷா ஃபார் எஜுகேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரவி குச்சிமஞ்சி ‘அசோசியேஷன் ஃபார் இந்தியாஸ் டெவலப்மெண்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக அதை ‘எய்ட்’ என்பார்கள். இரண்டுமே தன்னார்வலர்களின் உழைப்பில் நடப்பவை. பகலில் மென்பொருள் நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு, மாலையிலும் வார இறுதியிலும் கூடிக் கணக்குப் பார்த்து, விண்ணப்பம் படித்து, வாக்கெடுத்து இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமாக உண்டு. உங்கள் தொகுதியில் பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள்.

அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆஷாவின் தன்னார்வலர்கள் மாரத்தான் ஓடப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் தம் நண்பர்களிடமும் உடன் பணியாற்றுவோரிடமும் நன்கொடை திரட்டித் தருகிறார்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஒரு மணி நேர ஊதியத்தைக் கொடுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். கச்சேரி நடத்துகிறார்கள். ஊழியர் 100 டாலர் கொடுத்தால் தானும் 100 டாலர் கொடுக்கும் வழக்கம் அங்குள்ள பல நிறுவனங்களில் இருப்பதால், அதற்கான படிவத்தை நிரப்பச் சொல்லி ஒவ்வொருவரையும் நச்சரிக்கிறார்கள். இப்படிச் சேரும் பணத்துக்குக் கட்டளையிடும் எசமானர் எவரும் இல்லை. யாரும் பெருந்தொகை தருவதில்லை என்பதால் யாருடைய விருப்பத்துக்கும் அது வளைய வேண்டியதில்லை. இயக்கங்கள் இத்தகைய நிதியை நம்பிப் பெற்றுக்கொள்வதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் பணியாற்றிய காலத்தில் நானும் இத்தகைய ஒரு குழுவில் இருந்தேன். ஒரு விண்ணப்பம் வந்தால் அதை ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வார். அந்த அமைப்போடு பேசி, கேள்விகளைத் தொகுத்து, பதில்களைக் குழுவின் முன் வைப்பார். பணம் அனுப்பிய பிறகும் அவர் பொறுப்பு தீராது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பெற்றோரோடு இருக்கக் கிடைத்த நாட்களில் ஓரிரண்டைக் கழித்து, பேருந்து பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்து, திரும்பியபின் அறிக்கை தருவார். பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா, ஆசிரியைக்கு மாதந்தோறும் பணம் சேர்கிறதா, ஊர்க்காரர்கள் அந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பவை அந்த அறிக்கையில் இருக்கும். அலுவலகத்திலிருந்து வரும் ஆய்வாளரிடம் சொல்லாத குறைகளைக்கூட, விடுமுறையில் வந்திருக்கும் ஓர் இளைஞரிடமோ பெண்ணிடமோ ஊர் சொல்லிவிடும். ஐந்து லட்சம் ரூபாய்க்கும் குறைவான ஒரு நிதிக்கு இவ்வளவு கண்காணிப்பு எந்த அரசுத் துறையிலும் கிடையாது என்று துணிந்து சொல்வேன்.

இந்த நிதியால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், நருமதைப் பள்ளத்தாக்கில், பில்காவ்ன் என்றொரு பழங்குடிக் கிராமம் இருக்கிறது. மின்கம்பி எட்டாத அந்தக் கிராமத்தில், அருகிலிருந்த அருவியைக் கொண்டு 15 கிலோவாட் திறனுள்ள சிறு புனல்மின் நிலையம் 2003ஆம் ஆண்டில் எழுந்தது. எய்ட் அமைப்பு பணம் திரட்டியது. கேரளத்திலிருந்து வந்த பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். நருமதை பாதுகாப்பு இயக்கம் துணைநின்றது. ஊர்மக்கள் கூலி வாங்காமல் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய அணைகளில் ஒன்றான சர்தார் சரோவர் எழுந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கில், பெரிய அணை எதுவும் இல்லாமல் ஒரு கிராமம் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 2006ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்த நிலையம் மூழ்கியது. சர்தார் சரோவர் அணையின் உயரத்தைத் தன்னார்வலர்களின் பணத்தால் தடுக்க முடியாது. தடுக்க வேண்டும் என்று அவர்கள் பணம் தரவும் இல்லை. தம் ஊரைத் தாமே நடத்த முடியும் என்று மக்கள் காட்டுவதற்கு ஒரு வாய்ப்பை மட்டும் அந்தப் பணம் கொடுத்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, கடலோர மாவட்டங்களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து எய்ட் தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். அரசின் நிவாரணம் எட்டாத குப்பங்களைக் கண்டறிந்து உதவியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ச் சிறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். பணம் ஓரிடத்தில் வந்து இறங்கிப் பல கைகளுக்குப் பிரிந்து போனதால்தான் அது சாத்தியமாயிற்று. இன்று அப்படியொரு பேரிடர் நேர்ந்தால் அந்த வழி சட்டத்தால் அடைபட்டிருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போதே இதை நாடு பார்த்தது. பொருளாக வரும் உதவியும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படுவதால், வந்து இறங்கிய ஆக்சிஜன் செறிவூட்டிகளைச் சிறு மருத்துவமனைகளுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் கைமாற்ற முடியாமல் தொண்டு நிறுவனங்கள் தவித்தன.

பணம் எந்த வழியில் போனது என்பதையும், இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு சங்கத்தின் கதையாகச் சொல்ல விரும்புகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பெண்கள் நடத்தும் ஒரு சங்கம் அது. அவர்களின் பாதுகாப்பு கருதிப் பெயரைத் தவிர்க்கிறேன். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களை மீட்பதும், மீண்டவர்களுக்குக் கோட்டாட்சியரிடமிருந்து விடுதலைச் சான்று பெற்றுத் தருவதும், பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்று வாங்குவதும் அதன் வேலை. சங்கத்தின் செயலாளரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்பார்கள். அவர் வைத்திருந்த கணக்கு நோட்டு ஒன்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் பேருந்துச் சீட்டுகள் சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் அவர் கையெழுத்தில்: ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவுப் படம், மனு எழுதக் கூலி, காத்திருந்த ஆறு பேருக்கு டீயும் பன்னும், இரவில் சூளையிலிருந்து வந்த குடும்பத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும், செல்பேசி ரீசார்ஜ். ஓர் ஆண்டுச் செலவு முழுவதையும் கூட்டினாலும் இரண்டு லட்சம் ரூபாயைத் தொடவில்லை. அதில் பெரும்பகுதி அக்காவுக்கும் அவரோடு அலையும் இன்னொரு பெண்ணுக்கும் கொடுக்கப்பட்ட மாத உதவித்தொகை. அந்தத் தொகை இல்லாவிட்டால் அவர்கள் கூலி வேலைக்குப் போயாக வேண்டும். கூலி வேலைக்குப் போனால் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் ஒரு பகல் முழுவதும் நிற்க முடியாது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விடுதலைச் சான்று பெற்றவருக்கு 30,000 ரூபாய் வரை உடனடி உதவியும், பின்னர் மறுவாழ்வுத் தொகையும் அரசே தருகிறது. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. சூளையில் கிடக்கும் குடும்பத்தை அந்த அலுவலகம் வரை அழைத்து வருவதற்கு மட்டும் அரசில் ஆள் இல்லை. அழைத்து வந்தவர் அக்கா. அவருடைய பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்தவர்கள் கடல் கடந்து வாழும் தன்னார்வலர்கள். நாடாளுமன்றம் இயற்றிய ஒரு நல்ல சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவே அந்த நிதி பயன்பட்டது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். (முதலாவது எஃப்.சி.ஆர்.ஏ. சட்டமும் அதே 1976இல், அதே நெருக்கடிநிலைக் காலத்தில் வந்ததுதான்.)

2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய ஏழாம் பிரிவு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்கு நிதியைப் பகிர அனுமதித்தது. பதிவு இல்லாத அமைப்புக்கும் மத்திய அரசின் முன் ஒப்புதலோடு தர வழி இருந்தது. இந்தச் சங்கத்துக்கும் அப்படித்தான் சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை வழியாகப் பணம் வந்தது. அறக்கட்டளையே கணக்கை எழுதி, தணிக்கை செய்து, ஆண்டறிக்கை தாக்கல் செய்தது. 2020 செப்டம்பர் 20 அன்று திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமாகி, மறுநாளே நிறைவேறி, 23 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களை ஒட்டி எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளை அது. செப்டம்பர் 29 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அறிமுகத்திலிருந்து அமலாக்கம் வரை பத்து நாட்களுக்குள் முடிந்த இந்தத் திருத்தத்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எந்தக் குழுவும் விசாரிக்கவில்லை. எந்தச் சிறு அமைப்பிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

அந்தச் சங்கமே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். உள்துறையின் விதிகள் அதற்கு இடம் தரவில்லை. பதிவு கோரும் அமைப்பு மூன்றாண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டுகளில் தன் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். 2020 நவம்பருக்கு முன் இந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் செலவிடும் சங்கம் எத்தனை ஆண்டுகள் ஒழுங்காக நடந்தாலும் இந்த வரம்பைத் தொடாது. முன் அனுமதி பெறும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கும் புது தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு, இணையவழி விண்ணப்பம், நிர்வாகிகளின் ஆவணங்கள், நன்கொடையாளரின் உறுதிக் கடிதம் என்று ஒவ்வொன்றாக வேண்டும். அவற்றைச் செய்து முடிக்கப் பட்டயக் கணக்கருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணமே சங்கத்தின் ஆண்டுச் செலவில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆக, பெரிதாக இருந்தால் மட்டுமே பெறலாம். சிறிதாக இருந்தால் பெற்றவரிடமிருந்தும் பெறக்கூடாது. இரண்டு கதவுகளையும் ஒருசேர மூடியதுதான் 2020ஆம் ஆண்டின் உண்மையான விளைவு.

தலைவாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைமடை காய்வதை டெல்டா மாவட்ட உறுப்பினர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டு நன்கொடை இந்தியாவுக்கு வராமல் போய்விடவில்லை. அது பெரிய நகரங்களில், பெரிய நிறுவனங்களில் தேங்குகிறது.

சில அறக்கட்டளைகள் இதற்கு ஒரு மாற்று வழியைக் கண்டன. சங்கத்துக்குப் பணம் தர முடியாது. ஆனால் சங்கத்தின் பெண்களைத் தம் ஊழியர்களாகச் சேர்த்துச் சம்பளம் தரலாம். சட்டப்படி இதில் தவறில்லை. ஆனாலும் இதைத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாக நான் கருதுகிறேன். ஊழியராகச் சேர்ந்த நாளிலிருந்து அக்கா மாதந்தோறும் பணி அறிக்கை எழுத வேண்டும். எந்தச் சூளைக்குப் போவது, எந்த மனுவை முதலில் கொடுப்பது என்பதைச் சென்னையிலிருக்கும் திட்ட அலுவலர் முடிவு செய்வார். அதுவரை சங்கக் கூட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தீர்மானித்தவை அவை. அறக்கட்டளையின் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சூளை முதலாளி கேட்கும்போது, ‘நான் சங்கத்து ஆள்’ என்று சொன்ன இடத்தில், ‘நான் கம்பெனி ஆள்’ என்று சொல்ல நேர்கிறது. அந்த வேறுபாடு முதலாளிக்கு உடனே விளங்கிவிடும். தன்னார்வலர்கள் இந்த நிதியைத் தோழமை நிதி என்று அழைத்தார்கள். பெறுபவர்களே தம் வேலையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். சட்டம் அந்த உயிரை எடுத்துவிட்டு, உடலை நடமாட அனுமதித்திருக்கிறது.

அரசுத் தரப்பின் வாதத்தை நான் இலேசாகக் கருதவில்லை. பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கும் அங்கிருந்து மூன்றாவது கைக்கும் மாறும்போது தடயம் மங்கும் என்பது உண்மை. சேவையின் பெயரால் பணத்தைச் சுருட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் நேர்மையானவர்களுக்கு நேர்ந்த கேட்டுக்கு நானே சாட்சி. திருத்தச் சட்டம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று நோயல் ஹார்ப்பர் வழக்கில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்றும் கூறியது. அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். ஒரு சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. அந்தச் சட்டத்தைவிடச் சிறந்த ஒன்றை இயற்றும் அதிகாரமும் பொறுப்பும் இன்னும் உங்களிடமே இருக்கின்றன.

தடயம்தான் கவலை என்றால், 2022 ஜூலையில் விதிகளில் செய்யப்பட்ட இரண்டு மாற்றங்களை எப்படிப் புரிந்துகொள்வது? காலாண்டுதோறும் பெற்ற வெளிநாட்டு நன்கொடை விவரத்தை அமைப்புகள் வெளியிட வேண்டும் என்ற விதி அப்போது நீக்கப்பட்டது. வெளிநாட்டில் வாழும் உறவினரிடமிருந்து ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பெறுபவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும் விதி தளர்த்தப்பட்டது. அதற்கு முன் அந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. உறவினருக்கான தளர்வை நான் குறை கூறவில்லை. பத்து லட்சம் வரை எவருக்கும் சொல்லாமல் பெறலாம் என்று ஒருவரை நம்பும் அரசு, தணிக்கை செய்து கணக்குக் காட்டிப் பெறும் இரண்டு லட்சத்துக்காக ஒரு சங்கத்தை நம்ப மறுப்பது ஏன் என்பதே என் கேள்வி.

இதைவிட வருத்தம் தருவது, அரசியல் கட்சிகளுக்கு இதே சட்டம் வளைந்துகொடுத்த விதம். கட்சிகள் வெளிநாட்டு நிதி பெறக்கூடாது என்பது எஃப்.சி.ஆர்.ஏ.வின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. வெளிநாட்டு நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெற்றதன் மூலம் பாரதிய ஜனதா கட்சியும் காங்கிரசும் இச்சட்டத்தை மீறின என்று தில்லி உயர்நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதன்பின் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் வரையறையே 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் அந்தத் தளர்வு 1976 வரை பின்தேதியிட்டு நீட்டிக்கப்பட்டது. அந்த 2018ஆம் ஆண்டு நிதி மசோதா மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. கட்சிகளுக்காக நாற்பதாண்டுகள் பின்னோக்கித் திருத்த முடிந்த ஒரு சட்டத்தை, இருளர் பெண்களின் சங்கத்துக்காக ஒரு பிரிவு அளவுக்கு முன்னோக்கித் திருத்த முடியாது என்று எவரும் சொல்ல முடியாது.

இயக்கங்கள் உள்நாட்டு மக்களிடமே பணம் திரட்ட வேண்டும் என்ற கருத்தும் உண்டு. அதை மிகவும் மதிக்கிறேன். இராசத்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழவர்-தொழிலாளர் அமைப்பு, நிறுவனங்களிடமோ வெளிநாட்டிலிருந்தோ நிதி பெறுவதில்லை என்ற உறுதியோடு, மக்கள் தந்த தானியத்தையும் சிறு தொகைகளையும் கொண்டே தகவல் உரிமைக்காகப் போராடியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த உறுதியின் பங்கு பெரிது. போராட்டத்துக்கான செலவை அந்த ஊர் மக்களே ஏற்க வேண்டும் என்பதுதான் என் நிலையும். நாங்கள் இருந்த குழுவும் பேரணிக்கோ மறியலுக்கோ ஒருபோதும் பணம் அனுப்பியதில்லை. ஆனால், ஊரே முன்பணத்துக்கு அடகு கிடக்கும் இடத்தில் அந்த ஊரிடம் நன்கொடை கேட்பது நியாயமா? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சூளை முதலாளியிடமிருந்து தொழிலாளியை மீட்கும் வேலைக்கு எந்த நிறுவனமும் விரும்பிப் பணம் தருவதில்லை. வகுப்பறைக்கு வண்ணம் பூசவும் குடிநீர்க் கருவி பொருத்தவும் தருவார்கள்.

உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளெல்லாம் அரசியல் அமைப்புகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கட்சி அரசியல் நோக்கம் இன்றி, பொது நலனுக்காகவோ மக்களின் உரிமைக்காகவோ போராட்டங்களை ஆதரிக்கும் அமைப்பை, அந்த ஒரு காரணத்துக்காக அரசியல் அமைப்பாகக் கருதி நிதியை மறுக்கக்கூடாது என்று இன்சாஃப் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 மார்ச் 6 அன்று தெளிவாகக் கூறியிருக்கிறது. திருத்த மசோதா வருவதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன் வந்த தீர்ப்பு இது.

இன்னொரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்டுகிறேன். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது என்று உள்துறையே விளக்கமளித்திருக்கிறது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை ஏற்ற மறுநாள் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. குடியுரிமை மாறாமலேயே, பத்துப் பேர் சேர்ந்து ஓர் அமைப்பாகப் பதிவு செய்து, கூட்டாகப் பரிசீலித்து, பொறுப்போடு அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புத்தான். தனியே, எவரும் கேள்வி கேட்காமல் அனுப்புவது எளிது. கூடி, கணக்குப் பார்த்து அனுப்புவது கடினம் என்ற நிலையைச் சட்டம் உருவாக்கியிருக்கிறது. மூன்றாண்டு, நான்காண்டு உழைத்துக் களைத்த தன்னார்வலர்கள் பலர், ‘எனக்குத் தெரிந்த அறக்கட்டளை ஒன்றுக்குக் காசோலை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பணம் குறைந்ததைக் காட்டிலும், ஒரு கிராமத்தைத் தேடி வந்து பார்க்கும் அந்தப் பழக்கம் குறைவதே எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஏழாம் பிரிவை முற்றிலும் நீக்கும்படி நான் கேட்கவில்லை. பதிவு பெற்ற அமைப்பு, மாநிலச் சட்டப்படி பதிவான ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ ஓர் ஆண்டில் ஐந்து லட்சம் ரூபாய் வரை பகிர்ந்து தர அனுமதியுங்கள். மூன்றாண்டுகளுக்கு 15 லட்சம் என்ற இன்றைய பதிவு வரம்பை ஆண்டுக்குப் பிரித்தால் கிடைக்கும் தொகை இது. அதற்குக் கீழே இயங்கும் அமைப்புகளுக்குத்தான் இந்த வழி தேவைப்படுகிறது. பணம் வங்கி வழியாக மட்டுமே போகட்டும். பெறும் சங்கத்தின் பெயர், மாவட்டம், தொகை, நோக்கம் ஆகியவை பதிவு பெற்ற அமைப்பின் ஆண்டறிக்கையில் இடம்பெற்று எவரும் பார்க்கும்படி உள்துறையின் தளத்தில் வெளியாகட்டும். பெற்ற சங்கம் அதை மூன்றாவது கைக்கு மாற்றக்கூடாது என்பதையும், கணக்கு தவறினால் பகிர்ந்து தந்த அமைப்பே பொறுப்பு என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிடலாம். இவற்றுள் எதுவும் அரசின் கண்காணிப்பைக் குறைக்காது. 2020க்கு முன் இருந்ததைவிடக் கூட்டும். பாதுகாப்புத் தரப்பிலிருந்து இதற்கும் மறுப்பு வருமானால், பேரிடர் அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் கொத்தடிமை மீட்புப் பணிக்குமாவது முதலில் இந்த விலக்கைத் தரும்படி வலியுறுத்துங்கள்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் எங்கே நிறைவேறுகின்றன என்று நீங்கள் நினைக்கக்கூடும். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவும் நிறைவேறாதிருந்த அவையில் அது நடந்தது. நாடாளுமன்றத்தை அந்தத் திசையில் திரும்பிப் பார்க்க வைத்தவர் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரே. அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர் இந்தத் திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன், 2020க்குப் பின் இந்தப் பிரிவால் நிதி இழந்த சிறு அமைப்புகள் தமிழ்நாட்டில் எத்தனை, அவை எந்தெந்த மாவட்டங்களில் இருக்கின்றன என்று உள்துறையிடம் எழுத்துவழிக் கேள்வியாவது எழுப்ப வேண்டும். இன்று வரை 20,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இரத்தானதாக அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. பதிவே இல்லாததால் எந்தக் கணக்கிலும் வராமல் முடங்கியவற்றை யாரும் எண்ணவில்லை.

மசோதாவின் வரைவுக்கு உதவச் சட்டம் அறிந்த நண்பர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களில் இத்தகைய சங்கங்களை நடத்தும் பெண்கள் தம் கணக்கு நோட்டுகளோடு உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வந்து பேசவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாளையும் நேரத்தையும் நீங்கள் தெரிவித்தால் போதும். அவர்கள் பெரும்பாலும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காகத் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள் என்பதால், வேறொரு நாளாகக் குறித்தால் நலமாக இருக்கும்.

இப்படிக்கு,
தோழமை நிதிக் குழு ஒன்றின் முன்னாள் தன்னார்வலர்,
திருவள்ளூர் மாவட்டம்.